முரலின் பச்சை எலும்பும் கூரிய அலகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் இங்குள்ள சந்தையொன்றில், முதல் நாள் வாங்கிச் சென்ற முரலைச் சமைத்த சட்டியோடு திருப்பிக் கொண்டுவந்த ஓர் அம்மா, “எலும்பெல்லாம் பாசி பிடிச்ச மாதிரிக் கிடக்கு, இதையோ பிள்ளையளுக்குக் குடுக்கிறது?” என்று மீன்காரரிடம் கேட்டதை நேரிற் கண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் துறைமுகத்து எண்ணெய் மீனுக்குள் இறங்கிவிட்டதாகச் சொல்ல, விளக்கம் கூறத் தெரியாத மீன்காரர் பேசாமற் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதே வாரம் ஓர் இரவு, இறங்குதுறையொன்றில் நான்கைந்து இளைஞர்கள் குனிந்து நின்று, ரோச் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்து அடித்து முரல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சத் தேவையில்லாத எலும்புக்கு அஞ்சி, அஞ்ச வேண்டிய அலகை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறோம் என்று பட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பேச்சில் முரல் என்பது ஒரு மீனின் பெயரன்று. கீழ்த்தாடை மட்டும் நீண்ட சிறு முரலையும், இரு தாடையும் ஊசிபோல நீண்ட பெரிய முரலையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம். நான் குறிப்பிடுவது இரண்டாவது வகையை, அதிலும் முருகைக்கற் பார்களை ஒட்டி மேல்நீரில் திரியும் பெரிய இனத்தை. ஒன்றரை மீற்றர் வரை வளரக்கூடிய இம்மீனுக்கு 1821இல் இடப்பட்ட விஞ்ஞானப் பெயரிலேயே முதலை இருக்கிறது என்பது, அதன் வாயை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்கு வியப்பைத் தராது. முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி. ஆகவே மேலிருந்து பார்க்கும் பறவைக்கும் கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கும் அது எளிதிற் புலப்படுவதில்லை. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலுக்கு அருகே நேரெதிராக அமைந்திருப்பதால், அசையாமல் நின்ற இடத்திலிருந்து ஒரே உந்தலில் அம்புபோலப் பாய அதனால் முடிகிறது. பறக்கும் மீனும் இதே வரிசையைச் சேர்ந்த உறவுதான் என்பதை நினைவிற் கொண்டால், வெருண்ட முரல் நீரைவிட்டு எழும்புவதன் காரணம் ஓரளவு விளங்கும்.

இதன் முட்டைகள் பல கடல்மீன்களுடைய முட்டைகளைவிடப் பெரியவை. அவற்றின் மேல் மெல்லிய நார்கள் முளைத்திருக்கும். அந்த நார்கள் மிதக்கும் பாசியிலும் சருகிலும் சுற்றிக்கொள்ள, முட்டை அங்கேயே தொங்கிக்கொண்டு வளர்கிறது. குஞ்சுக்கு முதலிற் கீழ்த்தாடைதான் நீளும். மேல்தாடை பிறகுதான் அதை எட்டிப் பிடிக்கும். சிறு முரலையும் பெரிய முரலின் குஞ்சையும் நம்மவர்கள் ஒரே பெயரால் அழைத்தது அப்படியொன்றும் பிழையில்லை.

இனி எலும்புக்கு வருகிறேன். அந்தப் பச்சை பிலிவேர்டின் என்னும் நிறப்பொருளால் வருவது. இரத்தத்தின் செந்நிறப் பொருள் உடைந்து சிதையும்போது உண்டாகும் இப்பொருள் நம் உடம்பிலும் இருக்கிறது; அடிபட்டுக் கன்றிய இடம் சில நாட்களிற் பச்சையாக மாறுவதும் இதனால்தான். நாம் கழித்துவிடுகிற அந்த நிறத்தை முரல் தன் எலும்பிற் சேர்த்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது நஞ்சுமன்று, நோயுமன்று, எண்ணெயுமன்று. அவித்தாலும் பொரித்தாலும் போகாத இயற்கை நிறம். முரற் சொதியை உண்டு வளர்ந்த ஊரில் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்பது எனக்குச் சற்றே வருத்தம். மீனைத் துண்டுபோட்டுக் கொடுப்பவர்கள் முள்ளந்தண்டைக் காட்டி, “இது இப்படித்தான் இருக்கும்” என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சட்டி திரும்பி வராது.

அலகின் கதை வேறு. 1977இல் ஹவாயின் கவாய்த் தீவில், தந்தையோடு இரவில் மீன்பிடிக்கச் சென்ற பத்து வயதுச் சிறுவன், நீரிலிருந்து பாய்ந்த ஒரு மீற்றர் அளவான முரல் கண்ணினூடாக மூளைவரை குத்தியதால் உயிரிழந்தான். 2020 தொடக்கத்தில் இந்தோனேசியாவின் சுலாவெசிப் பகுதியில், வள்ளத்தில் இருந்த நண்பன் ரோச் வெளிச்சத்தை அடித்த மறுகணமே பாய்ந்த முரலொன்று பதினாறு வயது இளைஞரின் கழுத்தைத் துளைத்தது. அவர் பிழைத்தார், குத்திய அலகை அந்த இடத்தில் வைத்துப் பிடுங்காமல், மீனைக் கையால் பிடித்தபடியே வைத்தியசாலைக்குப் போனது அதற்கு ஒரு முக்கிய காரணம். பிடுங்கியிருந்தால் அலகு அடைத்துநின்ற காயம் திறந்து இரத்தம் பெருகியிருக்கும். முரல் மனிதரைத் தாக்க வருவதில்லை. வெளிச்சத்தால் ஈர்க்கப்பட்டோ வெருண்டோ எழும்பும் மீனுக்கு முன்னால் நம் முகம் இருந்துவிடுகிறது.

தூண்டிற்காரர்களுக்கும் ஒரு சொல். வாடை ஓய்ந்து பங்குனி, சித்திரையிற் கடல் தெளியும்போது, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முரலுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் அநேகமாகச் சொல்லும் குறை, இரையை எடுக்கிறது, முள் ஏறவில்லை என்பதே. அலகு முழுக்க எலும்பும் பல்லும்தான். முள் ஏறச் சதை எங்கே இருக்கிறது? முரல் இரையைக் குறுக்கே கவ்வி, சற்றுத் தூரம் கொண்டுபோய், பிறகே தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். மிதப்பு நகர்ந்தவுடன் சுண்டுபவருக்கு வெறுந்தூண்டில்தான் மிஞ்சும். பொறுத்திருந்தால் மீன் கிடைக்கும். ஆனால் அதற்கு இரைப்பை கிடையாது, குடல் நேர்கோடாக ஓடுகிறது. ஆழ விழுங்கிய முள் குடலைக் கிழித்துவிடுவதால், சிறிது என்று திருப்பி விட்ட மீனும் பிழைப்பது அரிது.

இதற்கு வழி இருக்கிறது. முள்ளே இல்லாமல், முறுக்காத நைலோன் இழைகளைச் சுண்டுவிரல் நீளத்துக்குக் குஞ்சம்போலக் கட்டி மேல்நீரில் இழுத்தால், கவ்விய பற்கள் இழையிற் சிக்கிக்கொள்ளும். நான் பல வருடங்களாக இப்படித்தான் பிடிக்கிறேன். சொலமன் தீவுகளின் மலைத்தாவில் இதே வேலையைச் சிலந்தி வலையைக்கொண்டு செய்து வந்திருக்கிறார்கள். இலையாற் செய்த பட்டத்தைத் தோணியிலிருந்து பறக்கவிட்டு, அதன் வாலிற் கட்டிய சிலந்திநூற் கற்றையை அலைமேல் துள்ளவிட்டால், தோணியின் நிழல் படாத தூரத்தில் முரல் வந்து மாட்டும். மாட்டிய மீனின் அலகை ஈரச்சாக்கினால் இறுகப் பிடித்துக்கொண்டு இழையை மெதுவாகப் பிரித்தால், விட வேண்டியதைக் காயமில்லாமல் விடலாம். நிலாவெளிக்கு அப்பால் கடலில் உள்ள புறாமலைத் தீவைச் சுற்றி இந்த வேலை வேண்டாம். 2003 முதல் அது தேசிய பூங்கா, அங்கே எந்தத் தூண்டிலும் சட்டவிரோதம்.

இரவில் வள்ளம் எடுப்பவர்களிடமும் இறங்குதுறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களிடமும் நான் கேட்பது மிகச் சிறியது. விளக்கை வள்ளத்துக்குள்ளே தாழ்த்தி வையுங்கள்; தண்ணீரில் திடீரென வெளிச்சம் அடிக்காதீர்கள்; விளக்கெரியும் பக்கத்தில் விளிம்புக்கு மேலாகக் குனிந்து நிற்க யாரையும் விடாதீர்கள். தப்பித்தவறி அலகு குத்திவிட்டால், அதைப் பிடுங்காமல், தேவையானால் அலகைக் காயத்திலேயே விட்டு மீனின் உடலை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு, ஆளை அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.