தபித்தான் பிள்ளைகளுக்கு ஊர் வரலாற்றை ஊருக்குள்ளேயே கற்பிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் சார்பாக ஒரு தாய்,
தபித்தான் நகரம், வடக்குச் சாம்போவங்கா மாகாணம், பிலிப்பைன்ஸ்.

பெறுநர்:
பள்ளிக் கல்விக் கண்காணிப்பாளர் அவர்கள்,
தபித்தான் நகரம்.

பொருள்: வரலாற்று வகுப்பை ஊர்ச் சதுக்கத்திலும், ரிசால் பள்ளி நடத்திய தலிசாயிலும் நடத்தவும், ஊர் வரலாற்றுக்கு ஒரு சிறு பாடநூல் தரவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். எங்கள் தெருப் பெற்றோர் கூடிப் பேசித்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சந்தியாகப்பர் கோவிலுக்கு எதிரே சதுக்கத்தில் நின்றோம். சின்னவள் புல் மூடிய மேட்டைக் காட்டி, "அம்மா, இது என்ன?" என்று கேட்டாள். நம் தேசிய வீரர் ஒசே ரிசாலும் அவருடைய பழைய ஆசிரியர் சாஞ்சஸ் பாதிரியாரும் 1892இல் மண்ணும் கல்லும் புல்லும் கொண்டு அமைத்த மின்டனாவோ தீவின் வரைபடம் அது. பெரியவனிடம், "இதில் நம்ம ஊர் எங்கே, காட்டு" என்றேன். தெரியவில்லை. ஆனால் ஸ்பெயின் ஆட்சியால் தண்டனையாக அனுப்பப்பட்டு ரிசால் இங்கே வந்தது 1892 ஜூலை 17, கிளம்பியது 1896 ஜூலை 31 என்று கடகடவென ஒப்பித்தான்.

1956ஆம் ஆண்டின் 1425ஆம் எண் சட்டப்படி நாடு முழுக்க ரிசாலைப் படிக்கிறார்கள், சரி. மணிலாப் பிள்ளைக்குப் படத்தில் மட்டும் கிடைப்பது நம் பிள்ளைகளுக்குக் காலடியில் இருக்கிறது. தலிசாயில் அவர் நடத்திய பள்ளியில் உட்கார்ந்து படித்தவர்கள் நம் ஊர்ப் பையன்கள். கட்டணம் கிடையாது, பதிலுக்குத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். எழுத்து, கணக்கு, புவியியல் எல்லாம் உண்டு. அப்புறம் காட்டிலும் கடற்கரையிலும் பூச்சி, சிப்பி தேடுவார்கள். ரிசால் இங்கிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அனுப்பிய உயிரினங்களில் ஒரு பறக்கும் ஓணானுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இப்படி ஒரு பள்ளி நடந்த ஊரில் வரலாறு நான்கு சுவருக்குள் தேதியாகச் சுருங்கிப்போனது எங்களுக்கு மனம் ஆறவில்லை.

ரிசாலோடு நம் கதை தொடங்கவும் இல்லை. இது பழங்குடிகளான சுபானன் மக்களின் மண். 16ஆம் நூற்றாண்டில் பொஹோல் தீவிலிருந்து தலைவர் பக்புவாயா தம் மக்களோடு வந்து இங்கே குடியேறினார். ஜூலை கினபாயோ விழாவில் ஸ்பெயின் நாட்டுச் சண்டையை நம் தெருவில் நடித்துக் காட்டுகிறோம். பக்புவாயா யார் என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் கையில் கொடுக்க, ஊர் வரலாற்றை நம் பேச்சுமொழியான பிசாயாவில் எழுதிய ஒரு சிறு நூல் வேண்டும். அதை எழுதும்போது சுபானன் முதியவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும். அவர்களைப் பற்றி வேறு யாரோ எழுதியதை எடுத்துப்போட்டால் போதாது. ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒவ்வொரு வகுப்பும் அந்த வரைபடத்தைச் சுற்றி நின்று பாடம் கேட்க வேண்டும், இன்னொரு நாள் தலிசாய்க்குப் போக வேண்டும். பிள்ளைகளை அழைத்துப்போகத் துணைக்கு வரப் பெற்றோர் நாங்கள் தயார்.

வரும் ஜூலை 17க்கு முன்பாக ஒரு பள்ளியிலாவது இதைத் தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தபித்தான் பெற்றோர்