உதிரிச் சக்கரம் இல்லாத வாடகை வண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறையில் ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கனடாவின் வடமேற்கில் உள்ள யூக்கான் பக்கம் குடும்பத்தோடு புறப்படும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். டாசன் நகருக்கு அருகில் தொடங்கி வடக்கே இனுவிக் என்ற ஊர் வரை செல்லும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, 700 கி.மீ.க்கும் மேல் நீளும் சரளைக்கல் சாலை. அதில் முதல் எரிபொருள் நிலையமான ஈகிள் பிளெயின்ஸ் சுமார் 370 கி.மீ. தள்ளித்தான் வருகிறது.

நாங்கள் அவ்வழியே சென்றபோது, சாலையோர டூம்ப்ஸ்டோன் மலைகளைக் கண்ட மகிழ்ச்சி அடங்குவதற்குள், எங்கள் வாடகை வண்டியின் பின்புற இரட்டை டயர்களின் நடுவே விரல் நீளக் கல் ஒன்று சிக்கி, உள்டயரைக் கிழித்துவிட்டது. அந்தச் சாலையில் செல்ல வாடகை நிறுவனத்திடம் முறைப்படி அனுமதி பெற்றிருந்தும், வண்டியில் உதிரிச் சக்கரமே வைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கைப்பேசியில் சிக்னலும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து வந்த ஒரு லாரி ஓட்டுநர், தம்மிடமிருந்த செயற்கைக்கோள் தொலைபேசியில் உதவிக்கு அழைத்தார். அவர் செய்த உதவியை நாங்கள் என்றும் மறக்க மாட்டோம்.

சரளைச் சாலைக்கு வண்டி தரும் நிறுவனங்கள் உதிரிச் சக்கரம், அந்த வண்டியின் எடையைத் தாங்கும் ஜாக்கி, செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஆகியவற்றைக் கட்டாயம் தர வேண்டும். பயணிகளும் சாவியை வாங்கும் முன், அவை இருக்கின்றனவா என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்