எண்ணெய் உறைந்தால் கெட்டுப்போனதா? பைக்கட் உப்பினால் பழசா?

வணக்கம், நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு.

போன வாரம் ஒரு அக்கா இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெயை மேசையில் வைத்து, "தம்பி, இதில் மெழுகு கலந்திருக்கிறீங்களா?" என்று கேட்டார். தை மாசக் குளிர் தொடங்கியதிலிருந்து இப்படிக் கேட்பவர் அவர் பத்தாவது ஆள் இருக்கும், அதனால்தான் இந்த மடல்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும். கொழும்பில் பகலில் அந்தக் குளிர் அபூர்வம், நம்ம நுவரெலியாவில் பகலிலேயே பல நாள் அதற்குக் கீழேதான். போத்தலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், முதலில் அடியில் ரவை மாதிரி வெள்ளைக் குருணை விழும், அப்புறம் அது மேலே ஏறி, விடியும்போது முழுப் போத்தலும் கட்டியாகி நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும். சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் குளிரில் ஓட்டம் குறைந்து நெருக்கி அடுக்கி உட்கார்ந்துவிடுகின்றன, இடம் சுருங்குவதால் அந்தக் குழி. பொருள் அதேதான், நிலைதான் திரவத்திலிருந்து திண்மத்துக்கு மாறியிருக்கிறது. (தண்ணீர் நேர்மாறு, உறைந்தால் பெருக்கும், நிறையத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்த போத்தல் வெடிப்பது அதனால்தான்.) வெந்நீர்ச் சட்டிக்குள் பத்து நிமிஷம் நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். நேரே அடுப்பில் வைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால், இந்தக் குளிரிலும் உறையாமல் இருக்கிற தேங்காய் எண்ணெயைத்தான் நான் சந்தேகப்படுவேன், ஆனால் உறைவதால் மட்டும் கலப்படம் இல்லை என்றும் ஆகாது, சில கலப்பு எண்ணெயும் உறையும்.

அடுத்தது மிக்ஸர் பைக்கட். பலூன் மாதிரி உப்பி நிற்கிறது, பழசு என்று திருப்பித் தருகிறீர்கள். அது கொழும்புப் பக்கம், கடல் மட்டத்துக் காற்றோடு ஒட்டிய பைக்கட். நாம் இருப்பது கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில், இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் அங்கிருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், அதனால் உள்ளே மாட்டிய காற்று பைக்கட்டைத் தள்ளிப் பெருக்குகிறது. லொறி றம்பொடை வளைவுகளில் ஏறும்போது நமக்குக் காது அடைக்கிறதே, அதே சங்கதி. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், இங்கே தண்ணீர் குடித்து முடித்த வெறும் பிளாஸ்டிக் போத்தலை இறுக்கி மூடிக் கொழும்புக்குக் கொண்டு போங்கள், போய்ச் சேரும்போது நசுங்கியிருக்கும்.

பருப்பு வேகவில்லை என்ற குறைக்கும் பாதிக் காரணம் இந்தக் காற்றுதான். மேலே அழுத்தும் காற்று குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகக் கிளம்பிவிடும், நம் ஊரில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது, 100 வரை போகாது. எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது, அந்த நெருப்பெல்லாம் ஆவியாகத்தான் போகும். பிரஷர் குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் சீக்கிரம் வேகிறது. மீதிப் பாதி? போன மாசம் வந்த கடலை மூட்டை ஒன்று பழசு, ராத்திரி முழுக்க ஊறவைத்தும் கல்லாகவே கிடந்தது. அது எங்கள் பிழை, வாங்கியவர்கள் மிச்சத்தைக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

ஒன்றை மட்டும் மலை மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். மீன் டின் புடைத்திருந்தால், யோகட் மூடி உப்பிப் புளித்த வாடை வந்தால், அது உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாக்கியதாக இருக்கலாம். திறக்கவோ ருசி பார்க்கவோ வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எண்ணெய்ப் போத்தலை மட்டும் வெந்நீரில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்