தாயின் குரல், மகளின் முகம்

கூடலூர், நீலகிரி
ஐப்பசி 5

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களுக்கு மேலாகிறது. உடனே பதில் எழுதாததற்கு மழையின் மீது பழி போடலாம். ஆடியில் தொடங்கிய மழை இன்னும் முழுதாக விட்டபாடில்லை. நடுவில் மரம் விழுந்து மூன்று நாள் மின்சாரமும் இல்லாமல் போயிற்று. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வாக்கியம் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்கு என்ன எழுதுவது என்று யோசித்தே நாள் போய்விட்டது.

பத்து ஆண்டுகள் உன் மடியருகில் உட்கார்ந்து பாட்டுச் சாதகம் செய்த பேத்தி, கச்சேரி மேடையை விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள் என்று வருந்தி எழுதியிருந்தாய். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. அதற்குக் கீழே, "எம்.எல்.வி. வீட்டிலேயே மகள் நடிக்கப் போனதும் பாட்டு நின்றுவிட்டது, என் வீட்டில் நிற்பதில் என்ன வியப்பு?" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாடகி எம்.எல். வசந்தகுமாரியின் மகளான நடிகை ஸ்ரீவித்யாவிடம் பாட்டு நின்றது என்று நான் நினைக்கவில்லை. வேறொரு வாசல் வழியாக அது வெளியே வந்தது என்றே நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கு எனக்குள்ள காரணங்களைச் சொல்லவே இக்கடிதம்.

அந்தக் குடும்பத்தின் கதையை இசையாசிரியையான உனக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனாலும் ஒரு வரிசைக்காகச் சொல்கிறேன். பாட்டி லலிதாங்கி, புரந்தரதாசர் பாடல்களைத் தேடித் தேடிப் பாடியவர். தாய் எம்.எல். வசந்தகுமாரி, ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மாணவி, எம்.எஸ்., பட்டம்மாள் இருவரோடும் சேர்த்து மும்மூர்த்தியாகப் பேசப்பட்டவர். தந்தை 'விகடம்' கிருஷ்ணமூர்த்தி, திரையில் சிரிக்கவைத்தவர். ஸ்ரீவித்யா 1953-ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று பிறந்தார். அந்த ஆண்டிலேயே முகத்தசைகளைத் தாக்கிய நோயால் தந்தை நடிப்பை விட வேண்டியதாயிற்று. சிரிக்கவைப்பவனுக்கு முகமே முதல் அல்லவா? அது போனபின் வீட்டுச் சுமை முழுவதும் தாயின் தொண்டையில் ஏறியது. கச்சேரி, பயணம், ஒலிப்பதிவு என்று ஓடிய தாய்க்குத் தன்னைக் கையில் வைத்துக் கொண்டாட நேரமே இருந்ததில்லை என்பதை மகளே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். புகழ்பெற்ற வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிடுகிறது என்று ஊரார் நினைப்பது எவ்வளவு மேலோட்டமானது, பார்.

1967-ஆம் ஆண்டில் தாய்க்குப் பத்மபூஷண் கிடைத்தது. அதே ஆண்டில்தான் மகள் 'திருவருட்செல்வர்' படத்தில் தலைகாட்டினார். அப்போது அவருக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. இந்தத் தற்செயலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வீட்டிலோ கர்நாடக சங்கீதத்தின் உச்சி. வெளியிலோ மேக்கப் அறையும் விளக்கும். நாட்டியம் தெரிந்த, கண்கள் பேசத் தெரிந்த பெண்ணைத் திரையுலகம் விட்டுவைக்குமா?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பாடத் தெரிந்த அந்தப் பெண் ஏன் தன் படங்களில் தானே பாடவில்லை? இதற்குக் குற்றவாளியைத் தேட வேண்டுமென்றால் காலத்தைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும். தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் திரையில் தாமே பாடி நடித்தார்கள்; அன்று பாடத் தெரியாதவருக்குக் கதாநாயகன் வேடமே கிடையாது. பின்னணிப் பாடல் முறை வந்த பிறகு அந்த இரண்டு தொழில்களும் பிரிந்தன. பானுமதி போன்ற ஓரிருவர் பிடிவாதமாகத் தம் பாட்டைத் தாமே பாடிக்கொண்டார்கள் என்பது உண்மையே. ஆனால் ஸ்ரீவித்யா வந்து சேர்ந்தபோது பாடுவதற்கென்று சுசீலாவும் ஜானகியும் இருந்தார்கள், நடிப்பதற்கென்று வேறு சிலர் இருந்தார்கள். அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டிருந்தது.

அந்தக் கதவைச் சாத்தியதில் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்வாயோ? 1956-இல் வெளிவந்த 'மதுரை வீரன்' படத்தில், சாருகேசி ராகத்தில் அமைந்த 'ஆடல் காணீரோ' பாட்டை நீயும் நானும் விடுதி மொட்டை மாடியில் எத்தனை இரவு பாடியிருப்போம்! குரல் எம்.எல்.வி.யுடையது, ஆடியவர் பத்மினி. தாயின் குரல் இப்படிப் பிறருடைய முகங்களுக்குப் போயிற்று; மகளுடைய முகத்துக்குப் பிறருடைய குரல் வந்தது. ஒரே வீட்டில், ஒரு தலைமுறை இடைவெளியில், கொடுத்தலும் வாங்கலும் இப்படி இடம் மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதன் உச்சம் 1975-இல் வந்த 'அபூர்வ ராகங்கள்'. கோவையில் விடுதிக் காப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி மாலைக் காட்சிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இயக்குநர் கே. பாலசந்தர் அதில் தாய்க்குப் பைரவி என்றும் மகளுக்கு ரஞ்சனி என்றும் ராகங்களின் பெயர்களையே வைத்திருந்தார். எம்.எல்.வி. பாடிப் புகழ்பெற்ற ராகமாலிகையின் முதல் ராகமும் அதே ரஞ்சனிதான். ஸ்ரீவித்யாவுக்குக் கச்சேரிப் பாடகி வேடம். வீட்டில் தினமும் கண்ட வாழ்க்கையைத் திரையில் வாழ வேண்டும், ஆனால் குரல் மட்டும் வாணி ஜெயராமுடையது. 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாடலுக்கு வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. அது முற்றிலும் தகுதியான விருது. படம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது நீ ஒரு வார்த்தை சொன்னாய். "மூச்சு எங்கே எடுக்க வேண்டுமோ அங்கேதான் எடுக்கிறாள், வாயைத் திறந்து மூடுகிற மற்றவர்களைப் போல இல்லை" என்றாய். ஐம்பது ஆண்டுகளாகியும் அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது அதைச் சொன்னவளா இதை எழுதினாள் என்றுதான் முதலில் தோன்றியது.

சென்ற மாதம் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன் தன் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தான். அந்தச் சிறிய திரையிலும் நீ சொன்னது தெரிகிறது. இறுதியில் தாயும் மகளும் ஒரே மேடையில் உட்கார்ந்து 'கேள்வியின் நாயகனே' பாடும் காட்சியில் ஸ்ரீவித்யாவின் கழுத்தையும் தோளையும் மட்டும் பார். ஸ்வரம் ஏறுவதற்கு ஒரு நொடி முன்பே உடம்பு அதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. வாயசைப்பை ஒத்திகையால் வரவழைக்கலாம். இதை வரவழைக்க முடியாது. மேடைக்குப் பின்னால் தம்பூராவின் அருகிலேயே வளர்ந்த குழந்தைக்கு மட்டுமே இது வரும். பாட்டு அங்கே நின்றுவிட்டது என்று நீ எப்படிச் சொல்கிறாய்?

அந்தப் படம் அவருக்குப் பெயரையும் தந்தது, ஒரு விலங்கையும் பூட்டியது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. மகளாக நடித்த ஜெயசுதா ஐந்து வயதுதான் இளையவர். வயதில் மூத்த பெண்ணை விரும்பும் இளைஞனாக வந்த கமல்ஹாசனோ ஒரே ஒரு வயது இளையவர். இருபத்திரண்டு வயதில் முதுமையின் நிழலை அவ்வளவு நம்பும்படி நடித்துக்காட்டினால் தமிழ்த் திரையுலகம் என்ன செய்யும்? அந்த நிழலிலேயே நிறுத்திவைக்கும். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அதே கமல்ஹாசனுக்குத் தாய். 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கணவராக வந்த ரஜினிகாந்துக்கு 1991-இல் 'தளபதி'யில் தாய். ரஜினியோ அவரைவிட வயதில் மூத்தவர்! கதாநாயகர்களுக்கு மட்டும் வயது ஏறாத இந்த விந்தையைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனிக் கடிதமாகிவிடும். ஆனால் 'தளபதி'யில் குழந்தையைத் தொலைத்த தாயாக, பேச்சுக் குறைந்து பார்வை மிகுந்து அவர் நிற்கும் இடங்களைக் கவனித்திருக்கிறாயா? எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பது, பாட்டில் நிறுத்தம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். இது என் ஊகம்; நீ சிரித்தாலும் சிரிப்பாய்.

இந்த மலையில் வாழ வந்ததால் எனக்குக் கிடைத்த ஒரு பேறு, ஸ்ரீவித்யாவின் மறுபாதியைப் பார்த்தது. நாடுகாணி இறங்கினால் மலையாளம் என்கிற ஊர் இது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டு மொழி மலையாளம். கோழிக்கோடு வானொலி இங்கே தமிழ் நிலையங்களைவிடத் தெளிவாகக் கேட்கும். கொட்டகையில் வாரம் ஒரு மலையாளப் படமாவது ஓடும். நான் மாற்றலாகி வந்த புதிதில் அதைத் தண்டனையாக நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நாம் அம்மா வேடத்தில் முடக்கிவைத்த பெண்ணை அவர்கள் நடிகையாகவே வைத்திருந்தார்கள் என்று. சிறந்த நடிகைக்கான கேரள அரசின் விருது அவருக்கு 1979, 1983, 1992 ஆகிய ஆண்டுகளுக்காக மூன்று முறை கிடைத்தது. 'தெய்வத்தின்ட விக்ருதிகள்' படத்தில் மாயாஜாலக்காரனாக வரும் நம் ரகுவரனுக்கு மனைவியாக, மய்யழி (மாஹே) என்ற ஊரின் சரிவைத் தன் முகத்திலேயே சுமந்து நின்றார். 'பவித்ரம்' படத்தில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வயதில் மீண்டும் கருவுறும் தாயாக வந்தபோது, அந்தக் கூச்சத்தையும் மகிழ்ச்சியையும் ஒரே சிரிப்பில் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நெடுநேரம் பேசாமல் நடந்ததை நான் கண்டேன்.

அங்கே அவர் பாடவும் செய்தார். 1984-இல் வந்த 'ஒரு பைங்கிளிக்கதா' என்ற படத்தில் இயக்குநர் பாலச்சந்திர மேனனோடு சேர்ந்து அவர் பாடிய பாட்டைக் கோழிக்கோடு வானொலியில் நான் முதலில் கேட்டபோது, அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியாது. கனத்த ராக சங்கதிகள் ஒன்றும் இல்லாத, விளையாட்டான பாட்டு. அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். திருவனந்தபுரத்து சூர்யா விழாவில் அவர் கச்சேரியும் செய்திருக்கிறார். தாய் 1977-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்பதால் அந்த மேடையில் ஏறும்போது மகள் என்ன நினைத்திருப்பார்? நடிகை என்ற முறையில் யாரோடும் ஒப்பிடப்படாத அவர், பாட வாயைத் திறந்த கணத்தில் எம்.எல்.வி.யோடு ஒப்பிடப்பட்டிருப்பார். உன் பேத்தியை நினைத்து இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படி. கச்சேரி மேடையில் அவள் உட்கார்ந்தால் சபையில் எல்லோரும் தேடுவது உன்னைத்தான். நாடக மேடையில் அப்படி யாரும் தேட மாட்டார்கள்.

காலமும் இப்போது மாறிவிட்டது. கமல்ஹாசன், சரிகா இருவரின் மகள் ஸ்ருதி ஆறு வயதில் 'தேவர் மகன்' படத்தில் பாடினார், 2009-இல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்துக்கு இசையமைத்தார், 2011-இல் 'ஏழாம் அறிவு' மூலம் தமிழில் நாயகியானார், பாட்டையும் விடவில்லை. அவருடைய இசை உன் காதுக்கு உவப்பாக இராது, எனக்கும் எல்லாம் பிடிப்பதில்லை. ஆனால் ஸ்ரீவித்யாவுக்குச் சாத்தியிருந்த கதவு இந்தத் தலைமுறைக்குத் திறந்திருக்கிறது என்பதை எப்படி மறுப்பது?

ஸ்ரீவித்யாவின் சொந்த வாழ்வில் நேர்ந்த துயரங்களைப் பற்றி, கசந்துபோன மணவாழ்வையும் ஏறி இறங்கிய நீதிமன்றப் படிகளையும் பற்றி, பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. நான் வேறு எழுத வேண்டாம். புற்றுநோயோடு மூன்று ஆண்டுகள் போராடி 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். வயது ஐம்பத்து மூன்று. எம்.எல்.வி. மறைந்ததும் ஓர் அக்டோபர்தான். 1990-இல், 31-ஆம் தேதி. இரண்டு நாட்களும் ஐப்பசிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. மகள் தன் உயிலில் விட்டுச் சென்ற விருப்பம் என்ன தெரியுமா? தன் சொத்திலிருந்து, இசையும் நடனமும் பயிலும் வசதியற்ற பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்பது. நடிப்புக்கென்று அவர் எழுதவில்லை. இசை முதலில், நடனம் அடுத்து. இதற்கு மேல் உன்னிடம் நான் வாதாட வேண்டுமா?

பேத்திக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அது உன் உரிமை. அவளுடைய நாடகம் அரங்கேறும் நாள் தெரிந்தால் எனக்கும் சொல். முழங்கால் ஒத்துழைத்தால் நானும் சென்னைக்கு வருகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் மார்கழியில் உனக்கு ஓய்வு கிடைத்தால் இங்கே வா. இப்போது நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும், அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிடுகிறேன். வரும்போது உன்னிடம் உள்ள எம்.எல்.வி. ஒலிநாடாக்களை மறக்காமல் எடுத்து வா. என்னுடையவற்றில் பாதி இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டன. சாருகேசி இருந்த நாடாவும் அவற்றில் ஒன்று.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி