ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, முழங்கால். சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. மிருதங்கக்காரனுக்குச் சம்மணம் போச்சு என்றால் பாதி வித்தை போச்சு. இப்போதைக்கு ஒரு பலகை, அதன் மேல் இரண்டு தலையணை என்று ஏதோ சமாளித்து வாசிக்கிறேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் உன்னைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே?

டிவியில் பார்த்த ஃப்யூஷன் கச்சேரியைத் திட்டி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து வேகமாக அடித்து முடித்தால் கைதட்டு, இதில் என்ன சங்கீதம் என்கிறாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். எனக்கே ஒரு பழைய காயம் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் ஒரு கசெட்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கூண்டில் என்னைத் தனியாக உட்கார வைத்து, காதில் டிக் டிக் என்று ஒரு சத்தத்தை விட்டு, நாற்பது நிமிஷம் வாசிக்கச் சொன்னார்கள். பாடுகிறவர் யார் என்றுகூடத் தெரியாது. கசெட் வந்தபோது கேட்டால், நான் வாசித்ததில் நாலு ஆவர்த்தனத்தை, நாலே தாளச் சுற்றை, வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். குழம்பில் போட்ட கறிவேப்பிலை கதைதான். வாசத்துக்கு வேண்டும், இலையில் விழுந்தால் ஓரம்.

ஆனால் மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீயும் ஒத்துக்கொள்ளக் கூடாது. திருச்சி விடுதி மொட்டை மாடியில் உன் கிதாரும் என் மிருதங்கமும் வார்டனிடம் வாங்கிய திட்டை மறந்துவிட்டாயா?

போன மாதம் அமெரிக்கக் கிதார்க்காரர் ரை கூடரும் நம் நாட்டு விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ இசைத்தட்டை மறுபடி எடுத்துக் கேட்டேன். நாலே உருப்படி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிஷம். 1992 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில், சாண்டா பார்பராவில் இருந்த ஒரு குருமடத்துச் சிற்றாலயத்தில் பதிவு செய்தது. இருவரும் முதல் தடவை ஒருவரையொருவர் பார்த்தது பதிவு தொடங்க ஒரு மணி நேரம் கூட இல்லாதபோது. ஒத்திகை பார்க்க ஏது நேரம்? கூடத் தபலாவுக்கு சுக்விந்தர் சிங், டும்பெக் என்கிற அரபு நாட்டுக் கைமேளம் வாசிக்கக் கூடரின் மகன் ஜோக்கிம். பையனுக்கு அப்போது 14 வயது.

அதைப் பதிவு செய்தவர் பெயர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர். நம்ம ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்த பெயர் மாதிரி இல்லையா? இலங்கையில் பிறந்தவர். வாட்டர் லில்லி அகௌஸ்டிக்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு மைக், ஆளுக்கு ஒரு டிராக் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு மைக், வால்வு போட்ட கருவிகள், நாடா. அவ்வளவுதான். இதன் விளைவு என்ன தெரியுமா? பிறகு உட்கார்ந்து ஒருவர் சத்தத்தை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. தபலா பெரிதாகக் கேட்டால் தபலாக்காரர்தான் கையை அடக்க வேண்டும், இல்லை தள்ளி உட்கார வேண்டும். என்னை அடைத்த கண்ணாடிக் கூண்டுக்கு நேர் எதிர்.

அவர்கள் இருவரும் அந்நியர்கள்தான், ஆனால் வாத்தியங்கள் இரண்டும் சந்திப்பதற்கு முன்பே பங்காளிகள். கூடர் வாசிப்பது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் கம்பி மேல் குழாயை வைத்து இழுக்கிற கிதார். 1903 வாக்கில் மிசிசிப்பியில் ஒரு ரயிலடியில், கத்தியைக் கம்பி மேல் வைத்து இழுத்துக்கொண்டு ஒருவர் பாடியதை டபிள்யூ. சி. ஹேண்டி என்ற ப்ளூஸ் இசையமைப்பாளர் கேட்டு, பின்னாளில் எழுதிவைத்தார். ஹவாய்த் தீவில் கிதாரை மடியில் போட்டு இரும்புத் துண்டால் இழுக்கும் வழக்கம் வேறு தனியாக வளர்ந்தது. 1940களில் டௌ மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கியிருந்தார். அப்படி வந்து வேர்விட்ட மடிக் கிதாரைத்தான் பட் பிறகு மாற்றி அமைத்து மோகன வீணை என்று பெயர் வைத்தார். விரல் படாமலே கூட அதிர்வதற்கென்று 12 கம்பிகள் அதில் தனியாக உண்டு. நம் கோட்டு வாத்தியத்தில், அதாவது சித்திரவீணையில், கட்டையை வைத்து இழுப்பதும் இதே வித்தைதான். அதுவும் இந்தப் பந்தியில் ஒருநாள் உட்கார்ந்தது. 1995இல் அதே கம்பெனி, தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரையும் விஸ்வ மோகன் பட்டையும் சித்திரவீணை ரவிகிரணையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு தட்டு வெளியிட்டது. அதில் பாட்டும் உண்டு. கரகரத்த அந்தக் குரலுக்குப் பின்னால் சித்திரவீணை குழைவதைக் கேட்டால் நீ திட்டிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போடுவாய்.

முதல் தட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். பட் கையில் வேகம் இருக்கிறது, மழை மாதிரி கொட்டுகிறார். கூடர் அதற்குப் போட்டியாகக் கொட்டவில்லை. ஒரு சுரத்தைப் போட்டுவிட்டு அது தானாக ஓய்கிற வரைக்கும் விட்டுவிடுகிறார். நீ டிவியில் பார்த்ததில் இல்லாமல் போனது இதுவாகத்தான் இருக்கும். 1994இல் அதற்கு கிராமி கொடுத்தார்கள். சரி, கொடுக்கட்டும்.

நாம் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட ‘சக்தி’ குழுவின் கசெட் நினைவிருக்கிறதா? உன் கிதாரை அந்தக் குழுவின் கிதார்க்காரர் ஜான் மக்லாக்லின் கிதார் மாதிரி குடைந்து தருகிறேன் என்று விடுதித் தச்சரிடம் கொடுக்கப் பார்த்தேனே, நல்லவேளை நீ பிடுங்கிக்கொண்டாய். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்ட மனிதர் அவர். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கிற குழைவு, வர வேண்டும் என்பதற்காக மெட்டுகளுக்கு நடுவே பள்ளமாகக் குடைந்து, குறுக்கே அதிர்வுக் கம்பிகளும் போட்டு கிதார் செய்து வாங்கினார். முதல் தட்டு 1975 ஜூலை 5ஆம் தேதி கச்சேரியிலேயே பதிவானது. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். மிருதங்கம் ராகவன், அதை நான் சொல்லாமல் விடுவேனா? ‘கிதார்க்காரர் நம்மிடம் வரவில்லை, நம் கம்பியிடம் வந்தார்’ என்று அப்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜாகிர் போனபோது உனக்குப் போன் செய்ய எடுத்து, செய்யாமலே வைத்துவிட்டேன்.

அப்புறம், இவ்வளவு நீளமாக எழுத உண்மையான காரணம் வேறு. எங்கள் வீட்டுக்கு வெகு காலமாகக் கீரை கொண்டுவருகிற அம்மா ஒருவர் இருக்கிறார். மகன் வீட்டுக் குழந்தை இங்கே வந்திருந்தபோது ஒருநாள் காலை ஓயாத அழுகை. அவர் கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு, ‘இப்படிக் குடுங்க’ என்று வாங்கி மடியில் போட்டு ஒரு தாலாட்டுப் பாடினார். குழந்தை தூங்கிவிட்டது. பாட்டு நிற்கவில்லை. மாமன் பேரெல்லாம் வந்து, மாமன் கொண்டுவந்த கொலுசு வந்து, வராத மாமனுக்கு ஒரு குத்தலும் வந்தது. என் மகள் கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். சங்கீதம் படித்தவள், அவளுக்கு இப்படி ஒரு இழுப்பு வராது. அதை அவளே சொன்னாள்.

இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று பேரன் ஒற்றைக்காலில் நின்றான். அவனிடம் இரண்டு மைக் இருக்கிறது. அவரிடம் கேட்டோம். ‘அது எங்கம்மா பாட்டு, நல்லா பண்ணுங்க’ என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் எல்லோரும் கூடினோம். தெருமுனைக் கோயில்... இல்லை, உங்கள் ஆள்கள்தான், சர்ச் கொயரில் கிதார் வாசிக்கிற பையன் ஒருவன் வந்தான். என் மகள் கூடப் பாட, நான் மிருதங்கம். ஆளுக்கொரு மைக் இல்லையே என்று பேரன் கவலைப்பட்டான். நான் அலெக்சாண்டர் கதையைச் சொல்லி, இரண்டு மைக்கையும் கூடத்து நடுவில் வைக்கச் சொன்னேன். சுவரோரம் மெத்தைகளைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினோம். சித்திரை மாசம், வேர்த்து ஊற்றியது. என் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கச் சத்தம் எல்லாரையும் அமுக்கியதால் என்னை நடைக்குத் தள்ளினார்கள். பலகை தலையணையோடு போனேன்.

முதல் சிக்கல் சுருதி. என் மகள் பாடும் சுருதி 5 கட்டை, மேல்நாட்டுக் கணக்கில் ஜி. கிதார் பையன், ‘ஜி தானே அக்கா’ என்று மீட்டினான். அந்த அம்மா பாடத் தொடங்கினார். ஒட்டவில்லை. போனில் ட்யூனரைப் போட்டுப் பார்த்தால் முள் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நட்டநடுவில் நிற்கிறது. கொஞ்சம் இறக்கிப் பாடச் சொல்லலாமா என்று பையன் மெதுவாகக் கேட்டான். மகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். சரி என்று அவன் ஆறு கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். மகள் தம்பூரா ஆப்பை நகர்த்தினாள். நான் எச்சு சுருதி மிருதங்கத்தை எடுத்து, வலந்தலை, அதாவது வலது பக்க முகத்தின் விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டித் தட்டிக் கொண்டுவந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா தூணில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘எல்லாம் எனக்காகவா?’ என்றார். எல்லாம் சேர்ந்து ஒருதடவை ஒலித்தபோது பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எந்த பியானோவிலும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டாவது சிக்கல் நான். எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு வாசித்தேன். முதல் அடி எட்டில் முடிந்தது. அடுத்தது ஒன்பதரை. அதற்கடுத்தது, இழுப்பு எங்கே முடிகிறதோ அங்கே. மூன்று தடவை நான் போய் மோதினேன். நாலாவது தடவைதான் கவனித்தேன், மடியில் குழந்தை இல்லாவிட்டாலும் அவர் வலது கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. குழந்தையைத் தட்டுகிற தட்டு. அது ஒருதடவை கூடப் பிசகவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டு, நடையில் உட்கார்ந்தபடி அந்தக் கையைப் பார்த்தே வாசித்தேன். மாப்ளே, ஐம்பது வருஷமாக வாசிக்கிறேன். வாசிக்காமல் இருந்த இடங்களில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஐந்தாவது டேக்தான் நின்றது. கடைசி அடியில் என் மகள் கீழே போக, கிதார் ஒரே கம்பியில் நிற்க, அந்த அம்மா குரல் அடங்க, நான் தொப்பியில் விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. யார் அடுப்பில் ஏற்றினார்கள் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பேரன் தலையில் கை வைத்துக்கொண்டான், அதை மட்டும் அழித்துவிடுகிறேன் என்றான். இரண்டு மைக்கில் எப்படி அழிப்பாய்? ஹெட்ஃபோனை மாட்டி அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘இருக்கட்டும் தம்பி. புள்ள தூங்கினப்புறம்தானே அடுப்பைப் பார்க்கப் போறது’ என்றார்.

பதிவை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போனில் கேட்காதே, உன் பழைய ஸ்பீக்கரில் கேள். கேட்டுவிட்டு, இதன் மேல் என் பேஸ் குரலைப் பாடி அனுப்பவா என்று கேட்பாய், தெரியும். வேண்டாம். மாசியில் நேரில் வா. அறுவடை முடிந்து அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும். கூடத்தில் உனக்கு இடம் உண்டு, ஆனால் உன் தொண்டைக்கு மைக்கிலிருந்து ரொம்பத் தள்ளித்தான், அநேகமாக என்னோடு நடையில். வரும்போது சுருதி ஏற்ற கிதார் கழுத்தில் மாட்டுகிற உன் கேப்போவை மறக்காமல் எடுத்து வா. பையனுடையது கம்பியைச் சரியாகப் பிடிப்பதில்லை. தங்கச்சியையும் அழைத்து வா, சர்க்கரை இல்லாத பாயசத்துக்கு இங்கே ஒருத்தி ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் மொட்டை மாடி மிருதங்கம்