மல்லி, வண்டியை வைத்துக்கொண்டேன்

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோம்பேறித்தனத்தால் பதில் போடாமல் இருக்கவில்லை, நீ கேட்டதற்கு என்னிடமே பதில் இல்லை. 'பழைய காரை வைத்துக்கொண்டு மாரடிப்பதா, தள்ளிவிட்டுப் புதுசு எடுப்பதா' என்று நீ தூத்துக்குடியில் உட்கார்ந்து எழுதிய அதே வாரத்தில் நான் கருமாத்தூருக்கும் செக்கானூரணிக்கும் நடுவில், பட்டுப்புடவையோடு, ஆவி பறக்கிற என் சான்ட்ரோ காருக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்து. கறிச்சோறு சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். இவர் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பத்தொன்பது வருஷமாக மிதிக்கிறார், அந்த இடத்தில் மட்டும் மேட் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. கருமாத்தூர் தாண்டியதும் 'என்னம்மா ஏசியில அனல் வருது' என்றார். அப்போதுதான் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற மீட்டரைப் பார்த்தேன், முள் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஒரே புகை. டீக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவரை நான் கத்தி நிறுத்தினேன், இல்லாவிட்டால் அவர் முகம் வெந்திருக்கும்.

தப்பு முழுக்க என்மேல்தான். இரண்டு மாதமாகவே இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் குறைந்துகொண்டு வந்தது, எங்கேயோ கசிகிறது என்று தெரியும், தெரிந்தே நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உனக்குத் தெரியும், ஒரு தடவை இங்கே வந்து தலைக்குக் குளித்துவிட்டு நீ என்னைத் திட்டியது நினைவிருக்கிறதா? பாத்திரத்தில் படிகிற அந்த வெள்ளை உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படிந்திருக்கிறது.

கயிறு கட்டி பழங்காநத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். 2009-லிருந்து இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாய் அங்கேதான் இருக்கிறார். அவர் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார், உள்ளே மோர் மாதிரி நுரை. இன்ஜினுக்கு மேல் மூடி மாதிரி இருக்கிற ஹெட்டுக்கு அடியில் வைத்து அடைக்கிற கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது. 'டீச்சர், ஹெட்டை இறக்கணும்' என்றார். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று சொன்ன மாதிரி இவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் பெங்களூரிலிருந்து மகன், பாயிடம் மட்டும் கேட்டால் போதாது, ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பிலும் காட்டு என்று பிடிவாதம் பிடித்தான். சரி என்று அங்கேயும் ஏற்றி அனுப்பினேன். எஸ்டிமேட் 74,000 ரூபாய். தொகையைக்கூட விடு, எஸ்டிமேட் போட்ட பையன் என்னிடம் பேசவே இல்லை, நேரே மகனுக்கு போன் போட்டுவிட்டு 'சார்கிட்ட பேசிட்டேன் மேடம்' என்கிறான். வண்டி என் பேரில், ஓட்டுவது நான், பணம் கட்டப்போவதும் நான். 2007-ல் பி.எஃப். அட்வான்ஸ் போட்டு எடுத்தபோது ஸ்டாஃப் ரூமில் 'டீச்சரம்மா கார் ஓட்டப் போறாங்களாம், ரோட்டை விட்டு ஒதுங்குங்கப்பா' என்று சிரித்தவர்கள் எல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தார்கள். அப்புறம் அந்தப் பையன் ஒன்று சொன்னான்: 'வண்டியோட மதிப்பே முப்பத்தஞ்சாயிரம்தான், அதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்.'

மல்லி, இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், உன் மருமகனும் இதையேதான் சொன்னதாக எழுதியிருந்தாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, எனக்கும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாவது நாள் ராத்திரி ரேஷன் கார்டு கவருக்குப் பின்னால் கணக்குப் போட்டேன். முப்பத்தைந்தாயிரம் என்பது நான் விற்றால் கிடைக்கிற தொகை. நான் விற்கப்போகிறேனா என்ன? அந்த முப்பத்தைந்தாயிரத்தை எடுத்துக்கொண்டு போனால் நாகமலையிலிருந்து டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போகிற வேறொரு வண்டி கிடைக்குமா? கிடைத்தாலும் அது யார் வீட்டில் எப்படி ஓடிய வண்டியோ. அதனால் ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு வைத்துப் பார்க்காமல், இதை விட்டால் அதன் இடத்தில் வரப்போகிறதே ஒன்று, அதற்கு ஆகிற செலவோடு வைத்துப் பார்த்தேன். சின்னதாக ஒரு புது வண்டி எடுத்து ஐந்து லட்சம் கடன் வாங்கினால், ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் 10,500 ரூபாய் கட்ட வேண்டும். இங்கே வண்டி எடுக்கும்போதே மொத்தமாகக் கட்டுகிற லைஃப் டாக்ஸ் வேறு, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் 13 சதவீதம். பாய் சொன்ன தொகை 38,500, அதாவது நாலு மாதத் தவணைகூட இல்லை. அப்படியானால் இந்த ரிப்பேருக்கு அப்புறம் வண்டி நாலு மாதத்துக்கு மேல் என்னை ரோட்டில் நிறுத்தாமல் ஓடினாலே நான் லாபத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம்.

ஆனால் கணக்கு மட்டும் போட்டு நான் முடிவு எடுக்கவில்லை. பாய் என்ன செய்தார் தெரியுமா, இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் படுத்துவிட்டார். கதவுக்குக் கீழே ஓடுகிற தகடு, ஜாக்கி வைக்கிற இடம், முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மேலே போய் உட்கார்கிற இடம், மேட்டைத் தூக்கிவிட்டுத் தரை என்று ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தார். எங்கேயும் உள்ளே போகவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, 'இன்ஜின் எத்தனை தடவை போனாலும் கட்டிரலாம் டீச்சர். பாடி துருப்பிடிச்சா அத யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அடியில குத்தி உள்ள போயிருந்தா நானே வித்துருங்கன்னு சொல்லியிருப்பேன்' என்றார். மதுரையின் வறண்ட வெயிலுக்கு நாம் எத்தனை வசவு விட்டிருப்போம், அந்த வறட்சிதான் என் வண்டித் தகட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொண்டேன். ஹெட்டை லேத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சூட்டில் வளைந்திருந்தால் தேய்த்து மட்டம் பண்ணிவிடலாம், விரிசல் விட்டிருந்தால் வேறு ஹெட் தேட வேண்டும். ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள் என்று பாயிடம் முன்பே சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இவ்வளவு செலவழித்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே என்று கடைசியில் ஒரு லட்சத்தில் போய் நின்றிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். லேத்திலிருந்து பதில் வர நான்கு நாள் ஆனது, மகன் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருக்கவில்லை. வளைவுதான், விரிசல் இல்லை.

ஹெட்டைக் கழற்ற, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை எப்படியும் அவிழ்க்க வேண்டும், அதனால் அதைப் புதுசாகவே போட்டாகிவிட்டது. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வு எல்லாம் வளைந்து திரும்பவும் இதே செலவு வரும் என்றார். வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் புதுசு. கிளட்ச் மூன்று வருஷம் முன்னால் மாற்றியது, அதைத் தொடவில்லை. பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்களையும் மாற்றச் சொன்னேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், நம் காலத்து வண்டிகளின் ரப்பரும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்தவை இல்லை. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடச் சக்தியும் குறைவு, மைலேஜ் குறைந்தது உனக்கும் தெரிந்திருக்கும். உதிரிபாகத்துக்குக் கவலை இல்லை என்கிறார் பாய், ஐ10 வண்டியிலும் இதே குடும்பத்து 1.1 லிட்டர் இன்ஜின்தான் போட்டார்களாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மகன் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பாய் என்றான், அதற்கு நான் அசையவில்லை. தேவையில்லாத பொருள் விலை குறைந்தாலும் தேவையில்லாததுதானே. அப்புறம் குரலை இறக்கி, 'அம்மா, அந்த வண்டில ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, சடன் பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகி வழுக்கும்' என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை மல்லி. 2019 ஜூலைக்குப் பிறகு டிரைவர் பக்க ஏர்பேக் இல்லாமல் புது வண்டியே விற்க முடியாது, என் வண்டியில் இருப்பது பெல்ட் ஒன்றுதான். பாய் எந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்தும் சரிசெய்ய முடியாத குறை அது. அதனால் அவனோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன்: இருட்டினால் நாலு வழிச் சாலைக்குப் போக மாட்டேன், சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸ், திருச்சிக்கும் ரயில். வண்டி டவுனுக்கும், அதிகம் போனால் அழகர்கோவிலுக்கும். அவனுக்கு அரை மனசுதான்.

இன்னொரு செலவும் காத்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைப் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். அந்த ஏப்ரலிலேயே அது 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு 2027 பிப்ரவரியில் வருகிறது. பழைய வண்டிக்குப் போடுகிற பசுமை வரி தனி. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டேன், சேர்த்தாலும் ஐந்து மாதத் தவணையைத் தொடவில்லை. அந்தப் பிப்ரவரிக்குள் இன்னொரு பெரிய ரிப்பேர் வந்தால் மட்டும் அன்றைக்கே விற்றுவிடுவேன், இதை இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

வண்டி இன்னும் கைக்கு வரவில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் தருகிறேன் என்றார் பாய், ஆனால் பட்டறைப் பையன்கள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் மாடு பார்க்கப் போய்விட்டார்கள். ஒருவன் கையில் கட்டோடு வந்திருக்கிறான், மாடு முட்டவில்லையாம், கேலரியிலிருந்து இறங்கும்போது விழுந்தானாம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பஸ்தான், இந்த வயதில் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, உட்கார இடம் கிடைத்தால்.

இப்போது உன் வண்டி. நான் வைத்துக்கொண்டேன் என்று நீயும் வைத்துக்கொள்ளாதே. உன் வேகன் ஆர் என் வண்டியைவிட இரண்டு வயது சின்னது, இன்ஜினும் நன்றாக ஓடுகிறது, சரி. ஆனால் அது பதினேழு வருஷமாக நிற்பது கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில், வெட்டவெளியில். மழையில் காலடியில் ஈரம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. கதவு ரப்பர் போயிருக்கும் என்று நீ நினைக்கிறாய், நான் அப்படி நினைக்கவில்லை. மருமகனை விடு, நீயே டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கிவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நாலு இடத்தில் அழுத்திப் பார். உள்ளே போனால் கிளட்ச் மாற்ற வைத்திருக்கிற அந்தப் பதினெட்டாயிரத்தை அதில் போடாதே, ஒரு பைசாகூடப் போடாதே. என்ன ஆனது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி

பின்குறிப்பு: அழுத்திப் பார்க்கும்போது வண்டிக்கு அடியில் படுக்காதே, உன் முதுகு எனக்குத் தெரியும்.