லிஃப்ட் அறுந்து விழவில்லை, ஐயா

ஆசிரியருக்கு வணக்கம்.

லிஃப்ட் விபத்து என்றாலே 'லிஃப்ட் அறுந்து விழுந்தது' என்று பத்திரிகைகளில் தலைப்பு வந்துவிடுகிறது. நான் சென்னையில் 28 வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பயணிகள் லிஃப்ட் ஒன்று ரோப் அறுந்து விழுந்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. (சரக்கு ஏற்ற யாரோ வெல்டிங் வைத்துக் கட்டியவை வேறு கதை.)

கார், அதாவது நாம் ஏறும் பெட்டி, ஒரே ரோப்பில் தொங்குவதில்லை. அத்தனை ரோப்பும் அறுந்தாலும், வேகம் கூடியதும் காரோடு இருக்கும் பிடிகள் அது ஓடும் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்திவிடும். 1854-இல் நியூயார்க்கில் லிஃப்ட் விழாமல் பிடிக்கும் கருவியைச் செய்த எலிஷா ஓடிஸ் தானே லிஃப்ட் மேடையில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியது இதைத்தான். ரோப் அறுபடாமல் மோட்டாரின் பிரேக் மட்டும் பிடிக்காவிட்டால்கூட, ஆள் குறைவாக உள்ள கார் மேலேதான் போகும். ரோப்பின் மறுபக்கம் தொங்கும் எடைக்கட்டியின் (கவுன்ட்டர்வெயிட்) கனம் அப்படி.

உயிர் போவது பெரும்பாலும் கதவில். கார் வந்து நிற்காமல் மாடிக் கதவு திறக்கவே கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொரு மாடியிலும் லாக் இருக்கிறது. அது தேய்ந்திருக்கும், இல்லையென்றால் 'லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிறது' என்று கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும்படி யாராவது வயர் கொடுத்து அதை ஷார்ட் பண்ணி வைத்திருப்பார்கள். எங்கள் ஆட்களே செய்வதுண்டு, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். போனைப் பார்த்தபடி காலை உள்ளே வைப்பவருக்கு அங்கே கார் இல்லை என்பது விழும்போதுதான் தெரியும்.

அப்புறம், மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் அந்த முக்கோணச் சாவி. ஒரு குடியிருப்பில் அது வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கியது. கரண்ட் போய் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றதும், வாட்ச்மேன் கதவைத் திறந்து "குதிங்க சார்" என்கிறார். உள்ளே எழுபது வயதுப் பெரியவர். காரின் தரை வாட்ச்மேனின் நெஞ்சு உயரத்தில். அதற்குக் கீழே நான்கு மாடி ஆழத்துக்குத் திறந்த குழி. குதித்தவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் போதும். படியேறி வந்துகொண்டிருந்த நான் கத்தித் தடுத்தேன். நடுவில் நின்றால் உள்ளேயே இருங்கள். காற்று வர வழி இருக்கிறது, மூச்சு முட்டாது.

மெக்கானிக்குகள் சாவது செய்தியாகக்கூட வருவதில்லை. ஏ.எம்.சி.யை, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை, அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்தால், இரண்டு ஆள் வேலைக்கு ஒரு ஆள்தான் வருவான். அவன் லிஃப்டின் அடியில் உள்ள குழிக்குள் இருக்கும்போது மேலே யாரும் பட்டனை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. குழியிலேயே லிஃப்டை நிறுத்தும் சுவிட்ச் உண்டு. 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று அதைப் போடாமல் இறங்குபவர்களை எனக்குத் தெரியும்.

எஸ்கலேட்டரிலும் இதே கதைதான். 2015-இல் சீனாவின் ஜிங்ஜோ நகரில் ஒரு வணிக வளாகத்தில், எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் தகடு சரிந்து ஒரு தாய் உள்ளே போனார். குழந்தையை மட்டும் முன்னால் தள்ளிக் காப்பாற்றினார். தகடு ஆடுவதைக் கடை ஊழியர்கள் சில நிமிடங்களுக்கு முன்பே கவனித்திருந்தும், எஸ்கலேட்டரை நிறுத்தவில்லை. எஸ்கலேட்டரை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அழுத்தினால் திட்டுவார்களோ என்று நம் ஊரிலும் பயப்படுகிறார்கள். சேலை நுனி மாட்டினாலும் முதலில் அதைத்தான் அழுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 1997-லேயே லிஃப்டுக்குச் சட்டம் வந்துவிட்டது. மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும், விபத்து நடந்தால் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஒரு இடத்துக்குப் போனால், உரிமம் எந்தத் தேதி வரை இருந்தது, கதவு லாக் வேலை செய்ததா, சாவி யார் கையில் இருந்தது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
பெரம்பூர், சென்னை.